ரெண்டும் மூணும் எத்தனை? சின்னப் பிள்ளைகளுக்குக் கூட்டல், கழித்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சின்ன வகுப்புப் பிள்ளைகளோடு பல வருடங்களாக இருக்கிறேன். வீட்டில் கணக்குச் சொல்லிக்கொடுக்க உட்காரும் அப்பா அம்மாக்களும், ஒன்றாம் இரண்டாம் வகுப்புக்குப் புதிதாக வந்த ஆசிரியர்களும் திரும்பத் திரும்பக் கேட்டவை இவை. என் பதில்களில் ஒரு சாய்வு இருக்கிறது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிள்ளை சொன்ன விடை சரியா தப்பா என்பது எனக்கு இரண்டாம்பட்சம். "எப்படிக் கண்டுபிடிச்ச?" என்று கேட்டால் என்ன சொல்கிறது என்பதுதான் முதலில்.

எத்தனை வயதில் கூட்டல் தொடங்கலாம்?

கூட்டல் என்று பெயர் வைக்காமல் செய்வதென்றால், குழந்தை பேசத் தொடங்கிய நாளிலிருந்தே. "இன்னொண்ணு வேணுமா?" என்பதும் கூட்டல்தானே. 1992இல் கேரன் வின் என்ற உளவியலாளர் ஐந்து மாதக் கைக்குழந்தைகளிடம் ஒரு சோதனை செய்து பார்த்தார். ஒரு பொம்மையை வைத்துத் திரையால் மறைத்தார். குழந்தை பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொரு பொம்மை திரைக்குப் பின்னால் போனது. திரை இறங்கியபோது இரண்டு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றே ஒன்று இருந்தால், குழந்தைகள் அதைக் கூடுதல் நேரம் உற்றுப் பார்த்தன. அதை "கணக்கு" என்று சொல்லலாமா என்பதில் ஆய்வாளர்களுக்குள் வாதம் உண்டு. ஆனால் நாம் வந்து தொடங்கிவைக்கும்வரை அந்தத் தலைக்குள் ஒன்றுமே நடக்கவில்லை என்று நினைக்க இடமில்லை.

தாளில் 3 + 2 என்று எழுதிச் செய்வதற்கு ஐந்து, ஆறு வயது போதும். வயதைவிட, அடுத்த பதிலில் வரும் பட்டன் சோதனைதான் நல்ல அளவுகோல்.

என் மகள் 50 வரை கடகடவென்று சொல்கிறாள். "ஏழு பட்டன் எடுத்துக் குடு" என்றால் கை நிறைய அள்ளித் தருகிறாள். ஏன்?

எண்களைச் சொல்வது வேறு, எண்ணுவது வேறு. ஒன்று, இரண்டு, மூன்று என்பது அவளுக்கு இப்போதைக்கு ஒரு பாட்டு. பாட்டை நடுவில் நிறுத்தினால் எப்படி முதலிலிருந்து பாட வேண்டியிருக்குமோ, அப்படித்தான் எண்களும்.

எண்ணுவதற்குள் பல வேலைகள் ஒளிந்திருக்கின்றன. ஒரு பட்டனுக்கு ஒரு சொல், விடவும் கூடாது, இரண்டு முறை தொடவும் கூடாது. சொல்லின் வரிசை மாறக் கூடாது. கடைசியாகச் சொன்ன சொல்தான் மொத்தத்தின் பெயர். பட்டனை எண்ணுவதுபோலவே படியையும் எண்ணலாம், கைதட்டலையும் எண்ணலாம். எந்தப் பக்கமிருந்து எண்ணினாலும் விடை ஒன்றுதான். ரோஷெல் கெல்மனும் காலிஸ்டலும் 1978இல் இவற்றை ஐந்து விதிகளாகப் பிரித்து எழுதினார்கள். ஐந்தில் கூட்டலுக்கு வாசல், அந்தக் கடைசிச் சொல் விதிதான்.

இப்படிச் சோதியுங்கள். ஏழு பட்டனை வரிசையாக வைத்து எண்ணச் சொல்லுங்கள். முடித்ததும், "அப்ப எத்தனை இருக்கு?" "ஏழு" என்று உடனே சொன்னால் சரி. நீங்கள் கேட்டதும் மறுபடி ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினால், கடைசியாகச் சொன்ன "ஏழு" அவளுக்கு அந்த ஏழாவது பட்டனின் பெயர். மொத்தத்தின் பெயராக அது இன்னும் ஆகவில்லை. பிறகு பட்டன்களைத் தள்ளித் தள்ளி வைத்து வரிசையை நீட்டிவிட்டு, "இப்ப எத்தனை?" என்று கேளுங்கள். "நிறைய ஆயிடுச்சு" என்று சொல்லும் பிள்ளைகள் உண்டு. ஜான் பியாஜே பல பத்தாண்டுகளுக்கு முன்பே கவனித்து எழுதியது இது. திட்டவோ திருத்தவோ வேண்டாம். எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள், மறுபடி ஏழே வந்து நிற்பதைப் பார்த்து அவளே முழிக்கட்டும்.

எண்ணச் சொல்லிக்கொடுப்பது தமிழிலா ஆங்கிலத்திலா?

கூட்டலுக்குத் தமிழ் எண்ணுப்பெயர்கள் மிகத் தோதானவை. பதினேழு என்ற சொல்லைப் பிரித்தால் பத்தும் ஏழும் தனித்தனியாக நிற்கின்றன. 10 + 7 எத்தனை என்ற கேள்விக்கு விடை சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. இருபது என்பதும் இரு பத்துதான். ஆங்கிலத்தில் லெவன், ட்வெல்வ் என்ற சொற்களுக்குள் சின்னப் பிள்ளையின் காது பத்தைக் கண்டுபிடிக்க முடியாது. தர்ட்டீன், தர்ட்டி இரண்டும் குழம்பும். செவன்டீனில் ஏழு முன்னால் வந்துவிடுவதால் 71 என்று எழுதும் பிள்ளைகளும் உண்டு.

தமிழிலும் ஒரு கல் தடுக்கும்: ஒன்பது. எண்பது வரை ஒழுங்காக வந்த வண்டி, அடுத்து ஒன்பதின் சாயலே இல்லாத தொண்ணூறு என்று தாவிவிடுகிறது. போதாக்குறைக்குத் தொள்ளாயிரம் வேறு. எண்பத்தொன்பதுக்கு அடுத்து "எண்பத்திப்பத்து" என்று ஒரு பையன் சொன்னான். தப்புதான், ஆனால் தமிழை அவன் எவ்வளவு நன்றாகக் கவனித்திருக்கிறான் பாருங்கள். (பழந்தமிழில் ஒன்பதுக்குத் தொண்டு என்ற பெயர் இருந்தது. தொண்ணூறில் அதன் வாடை அடிக்கிறது.) அந்த ஒரு இடத்தை மட்டும் தனியாகப் பழக்கினால் போதும்.

பள்ளியில் ஆங்கிலம் என்றால் இரண்டும் தெரிந்திருக்கட்டும், பாதகமில்லை. ஒரே கணக்கின் நடுவில் மொழி மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நேராக நோட்டில் போட்டுப் பழக்கினால் என்ன? கல், குச்சி எல்லாம் எதற்கு?

ஒரு மூடிபோட்ட டப்பா எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு வயதுப் பிள்ளை பார்க்க மூன்று கூழாங்கல்லை உள்ளே போட்டு மூடுங்கள். மூடியைக் கொஞ்சம் தூக்கி இன்னொன்றைப் போடுங்கள். உள்ளே பார்க்காமல், "எத்தனை இருக்கு?" என்று கேளுங்கள். பெரும்பாலும் "நாலு" என்று வந்துவிடும். டப்பாவை ஒளித்துவிட்டு, "மூணும் ஒண்ணும் எத்தனை?" என்று கேட்டுப் பாருங்கள். அதே பிள்ளை முழிக்கும். பிரிட்டனில் மார்ட்டின் ஹியூஸ் 1980களில் இந்த வித்தியாசத்தை விரிவாக ஆராய்ந்தார். "மூணு என்ன?" என்று பிள்ளை திருப்பிக் கேட்டால் அது நியாயமான கேள்வி. மூன்று கல் உண்டு, மூன்று குச்சி உண்டு. வெறும் மூன்றை யார் பார்த்திருக்கிறார்கள்?

அந்த வெறும் மூன்றிடம் போய்ச் சேர்வதுதான் பாதை. முதலில் கையால் செய்வது, அடுத்து படமாகப் பார்ப்பது, கடைசியில் குறியீடு. ஜெரோம் புரூனர் 1960களில் சொன்ன இந்த வரிசையைத்தான் இன்றைக்கும் பல நாட்டுப் பாடத்திட்டங்கள் பின்பற்றுகின்றன. கல்லுக்கும் எண்ணுக்கும் நடுவில் இருக்கும் படத்தை விட்டுவிடாதீர்கள். நான்கு புள்ளி, பக்கத்தில் மூன்று புள்ளி போடச் சொல்லுங்கள். பொருள் கைக்கு எட்டாத இடத்தில் அந்தப் புள்ளிகள்தான் கை கொடுக்கும்.

கடையில் விற்கும் சாதனம் எதுவும் கட்டாயமில்லை. ஒன்றே ஒன்று வாங்கலாம் என்றால் குசினேர் குச்சிகளைச் சொல்வேன். பெல்ஜியத்து ஆசிரியர் ஜார்ஜ் குசினேர் உருவாக்கியவை, ஒரு சென்டிமீட்டர் முதல் பத்து சென்டிமீட்டர் வரை, நீளத்துக்கு ஒரு நிறம். 4 குச்சியையும் 3 குச்சியையும் ஒட்டிவைத்தால் 7 குச்சியின் நீளம். ஒவ்வொன்றாக எண்ணாமலே பார்க்க முடிகிறது என்பதுதான் அதில் விசேஷம்.

+, −, = குறிகளை எப்போது காட்டலாம்?

அவசரம் வேண்டாம். மனிதர்களே நெடுங்காலம் இவை இல்லாமல்தான் கணக்குப் போட்டார்கள். + − குறிகள் அச்சில் வந்தது 1489இல், ஜெர்மனியின் யோஹன்னஸ் விட்மன் எழுதிய வணிகக் கணக்கு நூலில். = குறி 1557இல் ராபர்ட் ரெக்கார்டு கொண்டுவந்தது. "சமம்" என்று திரும்பத் திரும்ப எழுதி அலுத்துப்போய், ஒரே நீளமுள்ள இரண்டு இணைகோடுகளைவிடச் சமமானது வேறென்ன இருக்கும் என்று அதைத் தேர்ந்ததாக அவரே எழுதியிருக்கிறார்.

அந்தக் காரணத்தைப் பிள்ளைக்கும் சொல்லுங்கள், ஏனென்றால் கெட்டுப்போவது இந்தக் குறிதான். "=" என்றால் "விடையை இங்கே எழுது" என்று பிள்ளைகள் புரிந்துகொள்கிறார்கள். 8 + 4 = □ + 5 என்று கொடுத்துப் பாருங்கள். கட்டத்துக்குள் 12 எழுதுவார்கள், சிலர் எல்லாவற்றையும் கூட்டி 17 எழுதுவார்கள். ஆறாம் வகுப்பிலும் இதே தப்பு வருவதை 1990களில் அமெரிக்க ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். மருந்து எளிது. தொடக்கத்திலிருந்தே 7 = 4 + 3 என்றும், 5 = 5 என்றும், 2 + 6 = 5 + 3 என்றும் கலந்து எழுதிக் காட்டுங்கள். வாசிக்கும்போது "இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே அளவு" என்று வாசியுங்கள்.

விரல்விட்டு எண்ணுகிறான். நிறுத்த வேண்டுமா?

வேண்டாம். நிறுத்தச் சொன்னால் மேசைக்கு அடியில் எண்ணுவான், அவ்வளவுதான். என்ன செய்கிறான் என்பது நமக்குத் தெரியாமல் போய்விடும்.

விரலைக் கவனித்தால் பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது என்று தெரிந்துவிடும். 5 + 3 என்று கொடுங்கள். முதல் படியில் இருக்கும் பிள்ளை ஒரு கையில் ஐந்தை எண்ணி நீட்டும், மறுகையில் மூன்றை எண்ணி நீட்டும், பிறகு எட்டையும் ஒன்றிலிருந்து எண்ணும். மூன்று எண்ணல்கள். அடுத்த படியில் ஐந்தை எண்ணாது, "அஞ்சு..." என்று சற்று நிறுத்தி, "ஆறு, ஏழு, எட்டு" என்று போகும். அந்தச் சின்ன நிறுத்தம்தான் எனக்கு மிகவும் பிடித்த சத்தம். ஐந்து என்பது இனி எண்ணிப் பார்க்கத் தேவையில்லாத ஒரு முழுப்பொருள் ஆகிவிட்டது என்பதற்கு அது சாட்சி.

"அஞ்சை மனசுல வை, மூணைக் கையில வை" என்று நாம் சொல்லிக்கொடுப்பது இந்தப் படிதான். அருமையான வழி. ஆனால் முதல் படியில் நிற்கும் பிள்ளையிடம் திணித்தால், அது "அஞ்சு" என்று சொல்லியபடி முதல் விரலை மடக்கி 7 என்று விடை சொல்லும். மனசில் வைப்பது என்றால் என்னவென்று அதற்குப் புரியவில்லை. ஐந்து கல்லை எண்ணவைத்து, கையால் பொத்தி, "உள்ள எத்தனை?" என்று கேட்டு, வெளியே மூன்றைச் சேர்த்தால் புரியும்.

மூன்றாவது படி, பெரிய எண்ணிலிருந்து தொடங்குவது. 2 + 9 கேட்டால் ஒரு பையன் இரண்டை மனசில் வைத்து ஒன்பது விரல் நீட்டிக்கொண்டிருந்தான், வாரக்கணக்கில். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஒருநாள் ஒன்பது விரலை நீட்டிக்கொண்டே வந்தவன் நடுவில் நிறுத்தினான். விரல்களைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "ஒம்பது... பத்து, பதினொண்ணு" என்று இரண்டே விரலில் முடித்துவிட்டுச் சிரித்தான். சொல்லிக்கொடுத்திருந்தால் ஒரே நாளில் முடிந்திருக்கும், அந்தச் சிரிப்பு கிடைத்திருக்காது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் விடை சொல்ல எடுக்கும் நேரத்தை அளந்த 1972 ஆய்வு ஒன்றில், இரண்டு எண்களில் சிறியது பெரிதாகப் பெரிதாக நேரம் கூடியது தெரிந்தது. பெரியதிலிருந்து தொடங்கிச் சிறியதை எண்ணுகிறார்கள் என்று அதைப் படித்தார்கள்.

விடை தெரிந்துபோன கணக்குக்கு யாரும் விரலை நீட்டுவதில்லை.

கூட்டல் வாய்ப்பாட்டை மனப்பாடம் செய்ய வைக்கலாமா?

ஒற்றை இலக்கக் கூட்டல்கள் கடைசியில் யோசிக்காமல் வரத்தான் வேண்டும். மனப்பாடம் கூடாது என்று சொல்பவன் அல்ல நான். ஆனால் நூறையும் உருப்போட வேண்டியதில்லை. கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

0 முதல் 9 வரை உள்ள எண்களைச் சேர்த்தால் 100 கூட்டல்கள். பூச்சியம் வரும் 19ஐத் தள்ளுங்கள், பூச்சியத்தைக் கூட்டினால் ஒன்றும் மாறாது. மீதி 81. 3 + 5 தெரிந்தால் 5 + 3 தெரியும், ஆகவே 45. ஒன்றைக் கூட்டுவது அடுத்த எண்ணைச் சொல்வதுதான், ஒன்பது போயிற்று, 36. இரண்டைக் கூட்டுவதும் அப்படியே, எட்டு போயிற்று, 28. இரட்டைகளை (3 + 3, 4 + 4 என்று 9 + 9 வரை) பிள்ளைகள் ஏனோ தாமாகவே பிடித்துக்கொள்வார்கள், ஏழு போயிற்று, 21. பத்தாகும் ஜோடிகளில் 7 + 3, 6 + 4 இரண்டும் போனால் 19. இரட்டைக்குப் பக்கத்து வீடுகள் ஆறு: 6 + 7 என்பது 6 + 6க்கு ஒன்று அதிகம். 13. ஒன்பதோடு கூட்டுவது, பத்தோடு கூட்டி ஒன்று குறைப்பது, ஐந்து போயிற்று, 8. எட்டோடு கூட்டுவதும் அதே வழி, நான்கு போயிற்று.

மிஞ்சுவது நான்கே நான்கு: 3 + 5, 3 + 6, 4 + 7, 5 + 7. இவற்றை வேண்டுமானால் உருப்போடுங்கள்.

இந்த வழியில் முதலீடு செய்ய வேண்டிய இடம் பத்தின் ஜோடிகள். மேலே ஐந்து கட்டம், கீழே ஐந்து கட்டம் வரைந்து, ஏழு கட்டத்தில் கல் வையுங்கள். காலியாக இருப்பது மூன்று என்று கண்ணுக்குத் தெரியும். நாளைக்கு 8 + 5 வரும்போது, ஐந்திலிருந்து இரண்டை எடுத்து எட்டை நிரப்பி, "பத்தும் மூணும் பதிமூணு" என்பது இந்தக் கட்டத்திலிருந்துதான் வரும்.

கூட்டல் வருகிறது, கழித்தல் மட்டும் ஏன் வருவதில்லை?

முதல் காரணம், பின்னோக்கி எண்ணுவது கடினம். நம்பவில்லையா, மாதங்களின் பெயரைக் கடைசியிலிருந்து சொல்லிப் பாருங்கள்.

இரண்டாவது காரணம் பெரியது. கழித்தல் என்ற ஒரே பெயருக்குள் மூன்று வேறு கதைகள் இருக்கின்றன. எட்டில் மூன்று போனால் மீதி எத்தனை என்பது ஒன்று. மூன்று இருக்கிறது, எட்டாக்க இன்னும் எத்தனை வேண்டும் என்பது இன்னொன்று. உன்னிடம் எட்டு, என்னிடம் மூன்று, உன்னிடம் எத்தனை அதிகம் என்பது மூன்றாவது. தாளில் மூன்றும் 8 − 3தான். பிள்ளையின் கைக்கு மூன்றும் மூன்று வெவ்வேறு வேலைகள். முதல் கதையை மட்டும் மாதக்கணக்கில் சொல்லிவிட்டு, தேர்வில் மூன்றாவதைக் கேட்கிறோம்.

மூன்றாவது கதையில் சிக்கல் கணக்கில்கூட இல்லை, பேச்சில்தான் இருக்கிறது. ஐந்து பறவை, மூன்று புழு படம் காட்டி, "புழுவைவிடப் பறவை எத்தனை அதிகம்?" என்று கேட்டால் பாலர் வகுப்புப் பிள்ளைகள் பெரும்பாலும் "அஞ்சு" என்பார்கள். அதே படத்தைக் காட்டி, "ஆளுக்கொரு புழு எடுத்துக்கிட்டா எத்தனை பறவைக்குப் புழு கிடைக்காது?" என்று கேட்டால் பெரும்பாலானோர் சரியாக "ரெண்டு" என்பார்கள். 1983இல் வெளியான புகழ்பெற்ற ஆய்வு இது. ஆகவே "எத்தனை அதிகம்" என்று தொடங்காதீர்கள். ஜோடி சேர்த்து, ஜோடி கிடைக்காதவர்களை எண்ணவையுங்கள். "அதிகம்" என்ற சொல்லை அதன்மேல் பிறகு ஒட்டிக்கொள்ளலாம்.

8 − 3 கேட்டால் 6 என்கிறாள். எப்போதும் ஒன்று கூடவே வருகிறது.

"எட்டு, ஏழு, ஆறு" என்று மூன்று சொல் சொல்லி நிறுத்துகிறாள். எட்டைச் சொன்னதையே முதல் எடுப்பாக எண்ணிவிட்டாள். படிக்கட்டில் எட்டாவது படியில் நிற்கவைத்து மூன்று படி இறங்கச் சொல்லுங்கள். கால் அசைந்தால்தான் ஒன்று. இரண்டு மூன்று நாளில் சரியாகிவிடும். கவனக்குறைவு என்று திட்டியிருந்தால் வருடக்கணக்கில் தங்கியிருக்கும்.

கூட்டல் முழுதாக முடிந்தபிறகுதான் கழித்தலா?

இல்லை, கூடவே. ஆறு கல்லை இரண்டாகப் பிரித்து நாலும் ரெண்டும் ஆறு என்று சொன்ன கையோடு, இரண்டைப் பொத்தி "எத்தனை ஒளிஞ்சிருக்கு?" என்று கேட்டால் கழித்தலும் முடிந்தது. 4 + 2, 2 + 4, 6 − 2, 6 − 4 நான்கும் ஒரு வீட்டுப் பிள்ளைகள்.

வாய்க்கணக்கில் "மொத்தம்" என்றால் கூட்டு, "மீதி" என்றால் கழி என்று சொல்லிக்கொடுக்கலாமா?

தயவுசெய்து வேண்டாம். நிறையப் பேர் நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார்கள். ஆனால் அது கதையைப் படிக்காமலே விடை எழுதக் கற்றுக்கொடுக்கிறது. இதைப் பாருங்கள்: "என்னிடம் சில பென்சில்கள் இருந்தன. 3 பென்சிலைக் கொடுத்துவிட்டேன். மீதி 5 இருக்கின்றன. முதலில் எத்தனை இருந்தன?" "கொடுத்துவிட்டேன்" இருக்கிறது, "மீதி" இருக்கிறது, செய்ய வேண்டியது கூட்டல்.

எண்களை எடுத்துவிட்டுக் கதையை மட்டும் சொல்லச் சொல்லுங்கள். "கொஞ்சம் இருந்துச்சு, குடுத்துட்டேன், கொஞ்சம் மிச்சம்." பிறகு, "முதல்ல இருந்தது மிச்சத்தைவிட அதிகமா குறைவா?" இந்த ஒரு கேள்வி போதும்.

52 − 37க்கு 25 என்று எழுதுகிறான். "கடன் வாங்கு" என்று நூறு முறை சொல்லிவிட்டேன்.

இரண்டில் ஏழு போகாது. ஆகவே ஏழில் இரண்டைக் கழித்து 5, ஐந்தில் மூன்று போக 2. அவனுக்கு நாம் முன்பு சொல்லிக்கொடுத்த "பெரியதிலிருந்து சின்னதைக் கழி" என்ற விதியை அவன் ஒழுங்காகப் பின்பற்றியிருக்கிறான். பிரவுன், பர்ட்டன் என்ற இரு ஆய்வாளர்கள் 1978இல் இத்தகைய தப்புகளைக் கணினி நிரலில் வரும் பிழைபோலப் பட்டியலிட்டார்கள். பிள்ளைகளின் தப்பு பல நேரங்களில் கண்டபடி வருவதில்லை, ஒரு தவறான விதியை ஒழுங்காகக் கடைப்பிடிப்பதால் வருகிறது.

நூறாவது முறை "கடன் வாங்கு" என்பதற்குப் பதில், குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டுக் கட்டுங்கள். ஐந்து கட்டு, இரண்டு உதிரி. "37 குச்சி எனக்குக் குடு" என்று கை நீட்டுங்கள். மூன்று கட்டைத் தருவான். "இன்னும் ஏழு?" கையில் இரண்டு உதிரிதான். கொஞ்ச நேரம் திணறுவான், வாயைத் திறக்காமல் இருங்கள். பெரும்பாலான பிள்ளைகள் தாமாகவே ஒரு கட்டின் ரப்பர் பேண்டைக் கழற்றுவார்கள். பன்னிரண்டு உதிரி ஆயிற்று, ஏழைத் தந்தான், ஐந்து உதிரியும் ஒரு கட்டும் அவனிடம். 15. அவன் செய்ததையே எழுதிக் காட்டுங்கள். 5ஐ அடித்து 4 போடுவது கட்டு அவிழ்ந்ததற்கான குறிப்பு. பாடநூல் இதை இனமாற்றம் என்கிறது, எனக்குக் "கட்டு அவிழ்ப்பது" போதும். "கடன்" என்ற சொல் எனக்கு ஒட்டவே ஒட்டாது. திருப்பிக் கொடுக்காத கடன் என்ன கடன்?

நடுவில் பூச்சியம் வரும் 402 − 136 போன்றவைதான் அடுத்த பள்ளம். பத்தின் இடம் காலி, ஆகவே நூறு கட்டை முதலில் அவிழ்க்க வேண்டும். 402 என்பது மூன்று நூறு, ஒன்பது பத்து, பன்னிரண்டு ஒன்று. விடை 266. குச்சிக்கட்டோடு இரண்டு முறை செய்தால் போதும்.

இன்னொரு வழியும் காட்டிவையுங்கள். 37லிருந்து 40க்கு 3, 50க்கு 10, 52க்கு 2. மொத்தம் 15. மனக்கணக்குக்கு இதுதான் சுகம்.

தினமும் எவ்வளவு நேரம்?

ஐந்து, ஆறு வயதுக்குப் பத்து நிமிடம். சலிப்பு தட்டுவதற்கு முன்னால் நீங்கள் எழுந்துவிடுங்கள்.

விளையாட்டாகச் சொல்லித்தர ஏதாவது வழி?

பகடை உருட்டிக் காய் நகர்த்தும் எதுவும். 2008இல் ராபர்ட் சீக்லர், கீதா ரமணி இருவரும் 1 முதல் 10 வரை நேர்க்கோட்டில் கட்டம் போட்ட விளையாட்டைப் பாலர் வயதுப் பிள்ளைகளோடு விளையாடிப் பார்த்தார்கள். மொத்தம் ஒரு மணி நேரம் விளையாடியதிலேயே எண்களைப் பற்றிய அறிவு நன்றாகக் கூடியது. கட்டத்தில் எண்ணுக்குப் பதில் நிறம் மட்டும் இருந்த அட்டையில் விளையாடியவர்களுக்கு அது கூடவில்லை. நகர்த்தும்போது எப்படி எண்ணுகிறோம் என்பதில் ஒரு சூட்சுமம் உண்டு: 5ஆம் கட்டத்தில் இருந்து 2 விழுந்தால் "ஒண்ணு, ரெண்டு" என்று சொல்லாமல், கட்டத்தில் இருக்கும் "ஆறு, ஏழு" என்று சொல்லிக்கொண்டே நகர்த்த வேண்டும். மேலே சொன்ன இரண்டாம் படி, விளையாட்டு வேஷத்தில்.

மொபைல் செயலிகள்?

தெரிந்த கூட்டலை வேகமாக்க உதவும். தெரியாததைக் கற்றுக்கொடுக்காது. ஏனென்றால் பெரும்பாலான செயலிகள் விடையை மட்டும் பார்க்கின்றன, எப்படி வந்தது என்று கேட்பதில்லை.

எனக்கே கணக்கு என்றால் பயம். நான் சொல்லிக்கொடுக்கலாமா?

கணக்குப் பயமுள்ள பெற்றோர்கள் அடிக்கடி வீட்டுப்பாடத்தில் உதவியபோது, ஒன்றாம் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் அந்த வருடம் குறைவாகவே கற்றார்கள் என்றும், பயமும் அவர்களுக்குக் கூடியது என்றும் 2015இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வந்தது. பதற வேண்டாம். வீட்டுப்பாடத்தில் அதிகம் உதவாத பெற்றோரின் பயம் பிள்ளைக்கு அப்படி ஒட்டவில்லை என்பதும் அதே ஆய்வில் இருக்கிறது. நோட்டை விட்டுவிட்டு டப்பாவையும் பகடையையும் எடுங்கள். "எனக்கும் கணக்கு வராது" என்ற ஒரு வாக்கியத்தை மட்டும் பிள்ளை காதில் போடாதீர்கள்.

3, 7 எல்லாம் கண்ணாடியில் பார்த்ததுபோல எழுதுகிறது.

ஏழு வயதுவரை சாதாரணம். கணக்கைச் சரி என்று போட்டுவிட்டு, எழுத்தைத் தனியாகப் பழக்குங்கள்.

எட்டு வயதாகிறது, இன்னும் 6 + 1க்கு ஒன்றிலிருந்து எண்ணுகிறாள். வேறு ஏதாவது பிரச்சினையா?

இருக்கலாம். கணக்கில் மட்டும் விடாமல் தொடரும் சிரமத்துக்கு டிஸ்கால்குலியா என்று பெயர். ஏறத்தாழ நூற்றில் ஐந்து பிள்ளைகளுக்கு இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். புத்திசாலித்தனத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நான்கு கல்லைக் கண்ணால் பார்த்ததும் சொல்ல முடியாமல் எண்ணிப் பார்ப்பது, 8, 5 இரண்டில் எது பெரியது என்பதற்கே யோசிப்பது, நேற்று நன்றாக வந்த கணக்கு இன்று அடியோடு மறந்துபோவது, இவை ஒரு வருடம் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தும் மாறவில்லை என்றால் கற்றல் குறைபாடுகளில் பயிற்சி பெற்ற உளவியலாளரைப் பாருங்கள். அதற்கு முன்னால் கண், காது இரண்டையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள். கரும்பலகை சரியாகத் தெரியாததால் கணக்கு வராமல் இருந்த பிள்ளைகளும் என் வகுப்பில் இருந்திருக்கிறார்கள்.

போகும்போது நோட்டைக் கொண்டுபோங்கள், அழித்துத் திருத்தாத நோட்டு. தப்பாகப் போட்ட கணக்குகளுக்குப் பக்கத்தில், அவள் எப்படிச் செய்தேன் என்று சொன்னதை அவள் வார்த்தையிலேயே எழுதிவைத்திருந்தால், பார்ப்பவருக்குப் பாதி வேலை முடிந்தது.